ராப் பாடகர் டூபாக்கின் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் பேரரசை உலுக்கிய கோவேறு கழுதை ஓனரின் கதை

ராப் இசை கேட்கிறவர்களுக்கு டூபாக் ஷகூரைத் தெரியாமல் இருக்காது. 1971-இல் நியூயார்க்கில் பிறந்தவர், 1996-இல் 25 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அம்மா அஃபேனி ஷகூர், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிளாக் பேந்தர் இயக்கத்தில் இருந்தவர். பிறந்த குழந்தைக்கு முதலில் வேறு பெயர்தான் இருந்தது. பிறகு அதை மாற்றி, தென் அமெரிக்காவில் சுமார் 200 வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு கலகக்காரரின் பெயரை வைத்தார்.

அந்தக் கலகக்காரர்தான் டூபாக் அமாரு. இன்றைய பெரு நாட்டின் மலைப்பகுதியில் 1780 நவம்பரில் அவர் தொடங்கிய கிளர்ச்சி, ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகள் அதுவரை பார்த்த எல்லாக் கிளர்ச்சிகளையும்விடப் பெரியது. அவர் களத்தில் இருந்தது ஐந்தே மாதம். ஆனால் அந்தத் தீ அணைய 1783 ஆகிவிட்டது. அதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

ஒரு பெயர், இரண்டு பேர்

கொஞ்சம் குழப்பம் வரலாம். வரலாற்றில் இரண்டு டூபாக் அமாருக்கள் உண்டு. முதலாமவர் இன்கா வம்சத்தின் கடைசி அரசர். ஸ்பானியர்கள் 1532-இல் பெருவுக்குள் வந்த பிறகும், வில்கபம்பா என்ற காட்டுப்பகுதியில் இன்கா அரச குடும்பம் சுமார் 35 வருடம் தாக்குப்பிடித்தது. 1572-இல் அவரைப் பிடித்து, இன்காக்களின் பழைய தலைநகரான குஸ்கோவின் நடுச் சதுக்கத்தில் வைத்துத் தலையை வெட்டினார்கள்.

நம் ஆள் இரண்டாமவர். சொந்தப் பெயர் ஹோசே கப்ரியேல் கொண்டோர்கான்கி. 1738-இல் குஸ்கோவுக்குத் தெற்கே சுரிமானா என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். தலை வெட்டப்பட்ட அந்த அரசரின் மகள் வழியில் வந்த குடும்பம் என்பது அவர்களுடைய உரிமை கோரல். அந்தப் பெயரைத்தான் பின்னாளில் அவர் தனக்குச் சூட்டிக்கொண்டார்.

கலகக்காரர் என்றதும் சோற்றுக்கே வழியில்லாத ஓர் ஏழையைக் கற்பனை செய்தால் ஏமாந்துபோவீர்கள். குஸ்கோவில் பழங்குடித் தலைவர்களின் பிள்ளைகளுக்காக ஏசு சபையினர் நடத்திய பள்ளியில் படித்தவர். தாய்மொழி கெச்சுவாவோடு ஸ்பானிய மொழியும் சரளம், கொஞ்சம் லத்தீனும் வரும். கறுப்பு வெல்வெட் கோட்டு, நீண்ட தலைமுடி என்று ஒரு ஸ்பானியக் கனவான் மாதிரித்தான் உடுத்துவார். சுரிமானா, டுங்காசூகா, பம்பமார்கா ஆகிய மூன்று ஊர்களுக்குப் பரம்பரைத் தலைவர். இந்தப் பதவிக்கு ‘குராகா’ என்று பெயர். ஊர் மக்களிடம் வரி வசூலித்து அரசிடம் கட்டுவதும், அரசின் கட்டாய வேலைக்கு ஆள் அனுப்புவதும் குராகாவின் பொறுப்பு. மேலே அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும், கீழே சொந்த ஜனங்களுக்கு முகம் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரியான இடம் அது.

தொழில் என்று பார்த்தால், அவரிடம் சுமார் 350 கோவேறு கழுதைகள் இருந்தன. இன்றைய கணக்கில் ஒரு லாரி ஓனர் என்று வைத்துக்கொள்ளலாம். குஸ்கோ பக்கத்துத் துணி, தானியம் எல்லாவற்றையும் மலைப்பாதை வழியாகப் பொட்டோசி வெள்ளிச் சுரங்க நகரம் வரை ஏற்றிச் செல்வது வேலை. இந்தத் தொழில்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது. எந்த ஊரில் எந்தத் தலைவர் இருக்கிறார், எந்தப் பாலம் முக்கியம், எங்கே யாருக்கு யார் மேல் கோபம், எல்லாம் அத்துப்படி. மலை முழுக்கத் தெரிந்தவர்கள்.

ஜனங்களுக்கு அப்படி என்ன கோபம்?

மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது ‘மீட்டா’. 1570-களில் ஸ்பானிய வைஸ்ராய் டொலேடோ கொண்டுவந்த ஏற்பாடு. குறிப்பிட்ட மாகாணங்களில் இருக்கும் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் முறை வைத்துப் பொட்டோசி சுரங்கத்துக்குப் போய் வேலை செய்ய வேண்டும். டூபாக் அமாருவின் டின்டா மாகாணமும் அந்தப் பட்டியலில் இருந்தது. பொட்டோசி இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில். அங்கே போய்ச் சேரவே குடும்பத்தோடு வாரக்கணக்கில் நடக்க வேண்டும். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

இரண்டாவது இன்னும் அநியாயம். மாகாண அதிகாரிக்குக் ‘கொரெஹிடோர்’ என்று பெயர். கிட்டத்தட்ட நம்ம ஊர் கலெக்டர் மாதிரி, வரி, நீதி, போலீஸ் எல்லாம் அவர் கையில். இந்தப் பதவியை அவர் பெரும்பாலும் காசு கொடுத்து, கடன் வாங்கித்தான் பிடித்திருப்பார். போட்ட முதலை எடுக்க வேண்டுமே? அதற்காக மாகாணத்து மக்கள் தலையில் சரக்கைக் கட்டுவார். ‘ரெபார்டோ’ என்ற இந்த முறையில், வேண்டுமோ வேண்டாமோ, அவர் கொடுக்கிற பொருளை அவர் சொல்லுகிற விலைக்கு வாங்கியே ஆக வேண்டும். மலங்காட்டில் உழுகிறவருக்குப் பட்டுத்துணி. தாடியே அதிகம் வளராத மக்களுக்குச் சவரக்கத்தி. காசு கட்டாவிட்டால் சிறை, இல்லையென்றால் துணி ஆலையில் கொத்தடிமை வேலை. 1750-களில் இதைச் சட்டபூர்வமாகவே ஆக்கியது அரசு. எவ்வளவு சரக்கு விற்கலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதை யாரும் மதிக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது வரி. ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸ் காலத்தில் காலனிகளிலிருந்து வருமானத்தைக் கறக்க முடிவு செய்தார்கள். விற்பனை வரி 2 சதவீதமாக இருந்தது, 1772-இல் 4 ஆனது, 1776-இல் 6 ஆனது. புதிதாகச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. அதே 1776-இல் நிர்வாக வரைபடத்தையும் மாற்றினார்கள். பொட்டோசி லிமாவின் கையிலிருந்து போய், பியூனஸ் அயர்ஸை மையமாகக் கொண்ட புதிய ஆட்சிப்பகுதிக்குள் சேர்ந்தது. குஸ்கோ - பொட்டோசி பாதையில் கழுதை ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு இது வயிற்றில் அடி. டூபாக் அமாருவும் கடனில் விழுந்தார்.

அவர் நேராகக் கத்தியை எடுத்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1777-இல் லிமாவுக்குப் போனார். தன் மாகாணத்து மக்களைச் சுரங்க வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று முறைப்படி மனுப் போட்டார். இன்கா வாரிசு தானே என்று நிரூபிக்க ஒரு வழக்கும் நடந்தது. பெட்டன்கூர் என்ற குஸ்கோ குடும்பம் அதே வாரிசுரிமையைக் கோரியது. மாதக்கணக்கில் அலைந்தார், காசு கரைந்தது, இரண்டிலுமே ஒன்றும் நடக்கவில்லை. 1778-இல் வெறும் கையோடு ஊர் திரும்பினார். அவர் லிமாவில் இருந்த அதே காலத்தில் அங்கே வந்து இறங்கியவர் ஹோசே அன்டோனியோ டி அரெச்சே. வரி வசூலை இறுக்குவதற்கென்றே அனுப்பப்பட்ட ஆய்வாளர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிய விருந்தும் தூக்குமரமும்

1780 நவம்பர் 4. அரசர் சார்லஸின் பெயருக்குரிய புனிதரின் திருநாள். யனவோகா ஊர்ப் பாதிரியார் வீட்டில் விருந்து. டின்டாவின் கொரெஹிடோர் அன்டோனியோ டி அரியாகா வந்திருந்தார். டூபாக் அமாருவும் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து அரியாகா கிளம்பியபோது, முன்னதாகவே கிளம்பிப்போன டூபாக் அமாரு தன் ஆட்களோடு வழியில் காத்திருந்தார். அதிகாரியை மடக்கி, டுங்காசூகாவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்.

அடுத்து நடந்ததுதான் சாமர்த்தியம். அரியாகாவின் கையாலேயே கடிதங்கள் எழுதவைத்தார். தன் பொருளாளருக்கு, பணத்தையும் துப்பாக்கிகளையும் அனுப்பச் சொல்லி. மாகாணத்து மக்களுக்கும் முக்கியஸ்தர்களுக்கும், உடனே டுங்காசூகாவில் வந்து கூடச் சொல்லி. கொரெஹிடோர் கூப்பிடுகிறார் என்று நம்பி ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நவம்பர் 10 அன்று அவர்கள் எல்லோருடைய கண்ணெதிரே அரியாகா தூக்கிலிடப்பட்டார். முதல் தடவை கயிறு அறுந்துவிட்டது, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. தூக்குப் போட்டவர் அன்டோனியோ ஒப்லிடாஸ், அதே அரியாகாவிடம் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர்.

இதையெல்லாம் அவர் யார் பெயரில் செய்தார் தெரியுமா? ஸ்பெயின் அரசர் பெயரில். கெட்ட அதிகாரிகளைத் தண்டிக்கவும், மீட்டா, ரெபார்டோ, சுங்கச் சாவடி எல்லாவற்றையும் ஒழிக்கவும் அரசரிடமிருந்தே தனக்கு ஆணை வந்திருப்பதாக அறிவித்தார். அப்படி ஓர் ஆணை கிடையவே கிடையாது. இது வெறும் தந்திரமா, அல்லது அரசர் நல்லவர், நடுவில் இருப்பவர்கள்தான் கெட்டவர்கள் என்று உண்மையிலேயே நம்பினாரா? ஆய்வாளர்கள் இன்றும் இதில் பிரிந்தே நிற்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. இந்த ஓர் அறிவிப்பால், அரசருக்கு எதிராகப் போக அஞ்சியவர்களும் தைரியமாக வந்து சேர்ந்தார்கள்.

ஆறே நாளில், நவம்பர் 16 அன்று, தன்னோடு சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார். 1780-இல், அமெரிக்கக் கண்டத்தில் அடிமை வியாபாரம் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் இது சாதாரண விஷயமில்லை. போகிற வழியில் இருந்த துணி ஆலைகளை உடைத்து, உள்ளே அடைபட்டிருந்தவர்களைத் திறந்துவிட்டு, துணிகளை ஜனங்களுக்கே பங்கு போட்டுக் கொடுத்தார்.

சங்கரரா தேவாலயம்

குஸ்கோவிலிருந்து அவசர அவசரமாகத் திரட்டி அனுப்பப்பட்ட சுமார் 600 பேர் கொண்ட படை, நவம்பர் 18 அன்று சங்கரரா என்ற ஊரில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் பல்லாயிரம் பேர். வேறு வழியில்லாமல் தேவாலயத்துக்குள் புகுந்துகொண்டார்கள். உள்ளே இருந்த வெடிமருந்து வெடித்தது, கூரை சரிந்தது, தீ பிடித்தது. படையில் பெரும்பாலானோர் செத்தார்கள்.

கலகக்காரர்களுக்கு இது முழு வெற்றி. ஆனால் அரசியலில் இதைப் போல ஒரு தோல்வி இல்லை. குஸ்கோ பிஷப் மொஸ்கோசோ உடனே டூபாக் அமாருவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். தேவாலயத்தைக் கொளுத்தியவன் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. வெடிமருந்து வெடித்தது தங்களால் இல்லை என்று கலகத் தரப்பு சொன்னதைக் கேட்க ஆளில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே பிஷப் சில மாதங்களுக்கு முன்தான் இறந்துபோன அரியாகாவையும் வேறொரு தகராறில் திருச்சபையிலிருந்து விலக்கியிருந்தார். பின்னாளில் இந்தப் பிஷப் மீதே கலகத்துக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு வந்து, ஸ்பெயினுக்குப் போய்த் தன் பெயரைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

டூபாக் அமாரு பக்தியுள்ள கத்தோலிக்கர். பாதிரியார்கள் மேல் கை வைக்கக் கூடாது என்று தன் ஆட்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு இந்த விலக்கு எப்படி இருந்திருக்கும்? அவரை நம்பி வந்த கிராமத்து ஜனங்களுக்கும் அதே குழப்பம்தான். கலப்பினத்தவர்களும், அமெரிக்காவிலேயே பிறந்த வெள்ளையர்களும் மெல்லப் பின்வாங்கத் தொடங்கினார்கள். ஸ்பானியர்களுக்கு எதிராக எல்லா இனத்தாரையும் ஒரே அணியில் நிறுத்த வேண்டும் என்ற அவருடைய கணக்கு இங்கேதான் தப்பியது.

மனைவி சொன்னதைக் கேட்டிருந்தால்?

சங்கரராவில் ஜெயித்த கையோடு குஸ்கோவுக்குப் போயிருந்தால் நகரம் அவர் கைக்கு வந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைக்கு நகரத்தில் பெரிய படை இல்லை, மக்களிடம் பீதி. டூபாக் அமாரு என்ன செய்தார்? தெற்கே திரும்பி, டிடிகாகா ஏரிப் பக்கம் போனார்.

இந்த இடத்தில் கதையின் இன்னொரு நாயகி வருகிறார். மிக்கேலா பாஸ்டிடாஸ். 1760-இல் இருவருக்கும் திருமணம். மூன்று ஆண் பிள்ளைகள்: ஹிபோலிடோ, மரியானோ, ஃபெர்னான்டோ. கணவர் கழுதைகளோடு மாதக்கணக்கில் வெளியூர் போகும்போதெல்லாம் கடனையும் வரவு செலவையும் கட்டி ஆண்டது மிக்கேலாதான். கலகம் வந்ததும் அதே வேலை பத்து மடங்கானது. டுங்காசூகாவில் உட்கார்ந்துகொண்டு சோறு, துணி, ஆயுதம், பணம் எல்லாவற்றையும் திரட்டினார். யார் எந்த வழியில் போகலாம் என்று அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். பாலங்களுக்குக் காவல் போட்டார், உளவாளிகளை அனுப்பினார், ஓடிப்போகிறவர்களைத் தண்டித்தார். எழுத்தர்களை வைத்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றைய பாஷையில் சொன்னால், அந்தப் போரை ‘ஆபரேட்’ பண்ணியது அவர்.

தெற்கே போன கணவர் ஊர் ஊராக நின்று நின்று நகர்வது அவருக்குப் பொறுக்கவில்லை. டிசம்பர் 6 தேதியிட்ட கடிதத்தில் மனிதரை வறுத்தெடுக்கிறார். கிராமங்களில் நேரத்தைக் கடத்துகிறீர்கள், இப்படியே போனால் நம் ஆட்கள் அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அதற்குள் எதிரிக்குப் படை வந்துவிடும் என்பதுதான் சாரம். ஆசையான செல்லப் பெயரில் தொடங்குகிற கடிதத்தில் இவ்வளவு சூடு. அவர் பயந்த ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது.

டூபாக் அமாருவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தெற்கே இருந்த அரசுப் படைகள் முதுகில் குத்தாமல் இருக்க அந்தப் பக்கத்தை முதலில் ஒழுங்குபடுத்த நினைத்தார். சண்டையே இல்லாமல் குஸ்கோ தன்னை வரவேற்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அது அவருடைய முன்னோர்களின் தலைநகரம் அல்லவா? அந்த நகரத்தை ரத்தத்தில் நனைத்துப் பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை போலத் தெரிகிறது.

டிசம்பர் கடைசியில் ஒருவழியாகக் குஸ்கோவுக்குத் திரும்பினார். 1781 ஜனவரி முதல் வாரத்தில் மலைச்சரிவுகளில் பல்லாயிரம் பேரோடு முற்றுகை. அதற்குள் லிமாவிலிருந்து துப்பாக்கிப் படை உள்ளே வந்துவிட்டது. பிஷப் பாதிரியார்களையே ஆயுதம் தூக்க வைத்திருந்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, குஸ்கோவில் இருந்த இன்கா வம்சப் பிரபுக்கள் இவர் பக்கம் வரவே இல்லை. இவரை ஒரு நாட்டுப்புற ஆள், கழுதைக்காரன் என்றுதான் பார்த்தார்கள். புமகாவா என்ற குராகா அரசுப் படையோடு சேர்ந்து தீவிரமாகச் சண்டை போட்டார். அரசுத் தரப்பில் முன்வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்களே. சொந்த ஜனங்கள் மீதே பாய வேண்டிய நிலை. மழை, பசி, ஆட்கள் கழன்றுகொள்வது எல்லாம் சேர, ஜனவரி 10 வாக்கில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

வாரிசு வழக்கில் லிமாவில் தோற்றவர், அதே வாரிசுரிமையைக் குஸ்கோ மலைச்சரிவில் இரண்டாம் முறை தோற்றார் என்றுகூடச் சொல்லலாம்.

(இந்தப் புமகாவாவின் கதையும் விசித்திரம். 34 வருடம் கழித்து, வயதான காலத்தில் அதே ஸ்பெயினுக்கு எதிராகக் குஸ்கோ கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, 1815-இல் அவரும் கொல்லப்பட்டார்.)

பிடிபட்டது எப்படி?

பிப்ரவரி, மார்ச்சில் ஹோசே டெல் வாயே என்ற தளபதியின் கீழ் 15,000-க்கும் மேற்பட்ட படை திரண்டு வந்தது. கூடவே அரெச்சேயும் குஸ்கோவுக்கு வந்து இறங்கினார். ஏப்ரல் 6 அன்று டின்டாவுக்கு அருகே தோற்று, ஆற்றைக் கடந்து தப்பிய டூபாக் அமாரு லங்குயி என்ற ஊரை அடைந்தார். அங்கே அவரோடு இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். மிக்கேலாவும் பிள்ளைகளில் இருவரும் வேறோர் இடத்தில் மாட்டினார்கள். மரியானோ மட்டும் தப்பினார்.

ஒரு மாதத்துக்கு மேல் குஸ்கோ சிறையில் விசாரணை. கூட்டாளிகள் யார் என்று கேட்டு, கை மூட்டு விலகும் அளவுக்குச் சித்திரவதை. பெயர்கள் வரவில்லை. இங்கே குற்றவாளிகள் இரண்டே பேர்தான், மக்களை நசுக்கிய நீ ஒருவன், அவர்களை விடுவிக்கப் பார்த்த நான் ஒருவன் என்ற பொருளில் அரெச்சேயிடம் சொன்னதாக ஒரு செய்தி பெருவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது.

1781 மே 18

கடைசி நாளை விவரமாகப் படிப்பது கஷ்டம். ஆனால் பேரரசு எதற்குப் பயந்தது என்பது அந்தத் தண்டனையில்தான் தெரிகிறது.

இடம், முதல் டூபாக் அமாருவின் தலை விழுந்த அதே சதுக்கம். முதலில் தளபதிகள் சிலரையும், அரியாகாவைத் தூக்கிலிட்ட ஒப்லிடாஸையும் தூக்கில் போட்டார்கள். பிறகு மூத்த மகன் ஹிபோலிடோ, வயது சுமார் 20. நாக்கை அறுத்துவிட்டுத் தூக்கிலிட்டார்கள். அகோஸ் ஊரின் பெண் குராகாவும் கலகத் தளபதியுமான டொமாசா டிடோ கொண்டெமைடாவை இரும்பு வளையத்தால் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அடுத்து மிக்கேலா. கழுத்து மெலிந்திருந்ததால் அந்தக் கருவி சரியாகப் பிடிக்கவில்லை. கயிற்றால் இழுத்தும் உதைத்தும் கொன்றார்கள். கணவர் இதையெல்லாம் பார்க்க வைக்கப்பட்டார்.

பிறகு அவர் முறை. நாக்கு அறுக்கப்பட்டது. கைகால்களை நான்கு குதிரைகளில் கட்டி நான்கு திசையிலும் ஓட்டினார்கள். உடம்பு பிய்ந்து வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றும் முடியாமல், கடைசியில் தலையை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கடைக்குட்டி ஃபெர்னான்டோ கூட்டத்துக்கு நடுவே நிறுத்தப்பட்டிருந்தான். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன். அவன் போட்ட அலறல் சதுக்கத்தில் இருந்தவர்களை உலுக்கியது என்கின்றன அந்தக் காலக் குறிப்புகள். அந்த நேரம் பார்த்துச் சூறைக்காற்றும் மழையும் வந்ததாகவும் ஒரு குறிப்பு இருக்கிறது.

தலை டின்டாவுக்குப் போனது. ஒரு கை டுங்காசூகாவுக்கு. மற்ற உறுப்புகள் கலகம் நடந்த வேறு ஊர்களுக்கு. முண்டத்தை எரித்தார்கள்.

அரெச்சே அதோடு விடவில்லை. தீர்ப்பிலேயே பெரிய தடைப் பட்டியல் ஒன்றைச் சேர்த்திருந்தார். இன்கா உடைகள் கூடாது. இன்கா அரசர்களின் ஓவியங்களை அழிக்க வேண்டும். அவர்கள் கதையைச் சொல்லும் நாடகம் கூடாது. சங்கு ஊதக் கூடாது. செத்துப்போன இன்கா அரசர்களுக்காகக் கறுப்புத் துணி உடுத்தித் துக்கம் காட்டக் கூடாது. கெச்சுவா மொழியை விட்டு ஸ்பானிய மொழிக்கு மாற வேண்டும். இன்கா கார்சிலாசோ எழுதிய இன்காக்களின் வரலாற்று நூலுக்கும் தடை வந்தது. டூபாக் அமாருவின் வீட்டில் அந்த நூல் இருந்தது என்பதும், வம்சப் பெருமையை அவர் அதில்தான் படித்தார் என்பதும் அதிகாரிகளுக்குத் தெரியும். ஒரு மனிதரைக் கொன்றது போதாமல், அவர் நினைவில் வைத்திருந்ததையும் கொல்லப் பார்த்தார்கள்.

சாவுக்குப் பிறகும் ஓயாத போர்

தலைவர் செத்தால் கலகம் முடியும் என்று நினைத்தது தப்புக் கணக்கு. அவருடைய உறவினர் டியேகோ கிறிஸ்டோபல், தப்பிய மகன் மரியானோ ஆகியோர் டிடிகாகா பக்கம் போரைத் தொடர்ந்தார்கள். இன்றைய பொலிவியாவில் டூபாக் கடாரி என்ற ஐமாரா இனத் தலைவர் லா பாஸ் நகரத்தை 1781 மார்ச் முதல் அக்டோபர் வரை, நடுவில் ஓர் இடைவெளியோடு, முற்றுகையிட்டார். நகரத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். இந்தக் கட்டத்தில் போர் இன்னும் குரூரமாக மாறியது. இரண்டு பக்கமும் கைதி, பெண், குழந்தை என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டியேகோ கிறிஸ்டோபல் 1782 ஜனவரியில் பொதுமன்னிப்பை நம்பிச் சரணடைந்தார். அடுத்த வருடமே புதிய சதி என்று சொல்லிக் கைது செய்து, 1783 ஜூலையில் குஸ்கோவில் கொன்றார்கள். உறவினர்கள், தூரத்துச் சொந்தம் என்று கண்ணில் பட்ட அத்தனை பேரையும் கப்பலேற்றினார்கள்.

அதே நேரம், டூபாக் அமாரு கேட்டவற்றில் சிலதை அரசு சத்தமில்லாமல் செய்யவும் செய்தது. கட்டாயச் சரக்கு விற்பனையைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 1784-இல் கொரெஹிடோர் பதவியே போய்ப் புதிய நிர்வாக முறை வந்தது. குஸ்கோவுக்கென்று தனி உயர் நீதிமன்றம் 1787-இல் வந்தது. அதையும் அவர் கேட்டிருந்தார். மீட்டா மட்டும் இன்னும் 30 வருடம் போல நீடித்தது.

பெயரை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள்

பெரு 1821-இல் சுதந்திரம் அறிவித்தது. ஆனால் புதிய நாட்டை நடத்திய வெள்ளை மேட்டுக்குடிக்கு டூபாக் அமாரு என்றால் கொஞ்சம் உதறல்தான். பழங்குடி மக்கள் மறுபடி எழுந்துவிட்டால்? பாடப்புத்தகத்தில் அவருக்கு ஓர் ஓரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நிலைமை மாறியது 1968-இல். ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த ஜெனரல் வெலாஸ்கோ, 1969-இல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது டூபாக் அமாருவின் உருவத்தைத்தான் அதன் சின்னமாக ஆக்கினார். அகன்ற தொப்பியும் நீண்ட முடியுமாக இன்று இணையத்தில் கிடைக்கிற படங்கள் பிற்கால ஓவியர்களின் கற்பனை. அரெச்சே தடை விதித்த கெச்சுவா, 1975-இல் பெருவின் ஆட்சி மொழிகளில் ஒன்றானது. உருகுவேயில் 1960-களில் கிளம்பிய ‘டூபமாரோஸ்’ கொரில்லாக்கள் இவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். அந்த அமைப்பில் இருந்து பல வருடம் சிறையில் கிடந்த ஹோசே முஹிகா, 2010-இல் அந்நாட்டு அதிபரானார். 1996 டிசம்பரில் லிமாவில் ஜப்பான் தூதர் இல்லத்துக்குள் புகுந்து பணயக் கைதிகளைப் பிடித்து வைத்த ஆயுதக் குழுவும் இவர் பெயரில்தான் இயங்கியது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மரியானோவும் பின்னால் பிடிபட்டு, ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட கடற்பயணத்திலேயே இறந்துபோனார். ஃபெர்னான்டோவை ஏற்றிச் சென்ற கப்பல் 1786-இல் போர்ச்சுகல் கரையில் பாறையில் மோதி உடைந்தது. பலர் மூழ்கினார்கள், அவர் பிழைத்தார். ஸ்பெயினில் சிறை, கண்காணிப்பு என்றே காலம் போய், 1798-இல் மாட்ரிட்டில் 30 வயதில் காலமானார்.

இன்னொருவர் பாக்கி இருக்கிறார். டூபாக் அமாருவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஹுவான் பாடிஸ்டா. ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வைத்திருந்த சியூட்டா கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தார். அவர் அங்கே இருக்கும்போதே, 1816-இல், அர்ஜென்டினாவின் சுதந்திரத் தலைவர்கள் டுகுமான் நகரில் கூடி, இன்கா வாரிசு ஒருவரை அரசராக்கினால் என்ன என்று யோசித்தார்கள். அந்தப் பேச்சில் அடிபட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று. சிறையில் பழக்கமான டுரான் மார்டெல் என்ற துறவியின் துணையோடு 1822-இல் பியூனஸ் அயர்ஸ் வந்து இறங்கியபோது, அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்நாட்டு அரசு தங்க இடமும் உதவித்தொகையும் கொடுத்தது. அவரும் எழுதினார். குஸ்கோவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1827-இல் அங்கேயே இறந்தார். ரெகோலெட்டா கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், ஆனால் அதில் எந்த இடம் என்ற அடையாளம் இன்று இல்லை.